ராபர்ட் வால்போல்: 18ஆம் நூற்றாண்டுப் பிரிட்டனில் ஒரு நிலக்கிழார் அரசியல்வாதியின் வாழ்க்கை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனின் முதல் பிரதமர் என்று பொது அறிவுப் புத்தகங்களில் ஒரே வரியில் வந்துபோகும் பெயர் ராபர்ட் வால்போல். அந்த ஒரு வரியில் அவருடைய நிலம் வருவதில்லை. நிலத்தை விட்டுவிட்டால் அவருடைய அரசியல் புரியாது. ஓட்டு, கல்யாணம், பதவி, வரி, தண்டனை எல்லாமே அந்தக் காலத்தில் நிலத்தைச் சுற்றித்தான் நடந்தன. அதனால் இங்கே நார்ஃபோக் மாவட்டத்து ஹவுட்டன் கிராமத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நிலக்கிழார் என்றால் பிரபு தானே? இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பிரபுக்களுக்குப் பரம்பரைப் பட்டம் உண்டு, நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் அவையில் இடமும் உண்டு. நாம் பேசும் நிலக்கிழார் குடும்பங்களுக்கு அந்த இடம் கிடையாது. பல தலைமுறைகளாக ஒரே பகுதியில் நிலம் வைத்துக்கொண்டு, குத்தகைப் பணத்தில் வாழ்ந்தவர்கள் அவர்கள். ஏர் பிடிப்பது குத்தகைதாரர், கணக்குப் பார்ப்பது காரியஸ்தர். உள்ளூர் நீதிபதி வேலையைச் சம்பளம் வாங்காமல் பார்ப்பதும் இவர்கள்தான். திருட்டு வழக்கு, சாலைப் பராமரிப்பு, ஏழைகளுக்கான உதவித்தொகை எனக் கிராமத்து நிர்வாகம் பெரும்பாலும் அவர்கள் கையில் இருந்தது. கீழவையான பொதுமக்கள் அவைக்குப் போனவர்களில் பெரும்பகுதியும் இவர்களே.

வால்போல் எப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தார்?

1676 ஆகஸ்ட் 26 அன்று ஹவுட்டனில் பிறந்தார். வீடு நிறையப் பிள்ளைகள். அதில் இவர் மூன்றாவது மகன். அப்பா பெயரும் ராபர்ட்தான். கணக்கில் கறார் பேர்வழி, டர்னிப் என்ற கிழங்குப் பயிரை முன்கூட்டியே தன் வயலில் இறக்கிப் பார்த்தவர், காசில் ரைசிங் தொகுதியின் எம்.பி.

மூத்த மகனுக்கே மொத்த நிலமும் என்பது அங்கே வழக்கம். பங்கு பிரித்தால் குடும்பத்தின் செல்வாக்கு ஒரே தலைமுறையில் கரைந்துவிடும் என்ற பயம். ஆகவே இளைய மகன்கள் தேவாலயம், ராணுவம், வணிகம் என்று வேறு வழி தேட வேண்டும். வால்போலுக்குப் பாதிரியார் வேலை என்று முடிவாகியிருந்தது. ஈட்டன் பள்ளி, கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரி என்று படிப்பும் போய்க்கொண்டிருந்தது.

1698இல் உயிரோடிருந்த ஒரே அண்ணன் எட்வர்டும் இறந்துபோக, அப்பா இவரைக் கல்லூரியிலிருந்து ஊருக்கு வரவழைத்து நிலத்தைப் பார்க்கச் சொன்னார். 1700இல் அப்பாவும் போய்விட்டார். 24 வயதில் நார்ஃபோக்கில் ஒன்பது பண்ணைகளும் சஃபோக்கில் ஒன்றும் இவர் கைக்கு வந்தன. ஆண்டுக்குச் சுமார் 2000 பவுண்டு வருமானம், கூடவே கடன். அதே ஆண்டு லண்டன் மேயராக இருந்த ஒருவரின் பேத்தி, மர வியாபாரி மகள் கேத்தரின் ஷார்ட்டரைக் கல்யாணம் செய்துகொண்டார். நிலக்கிழார் குடும்பத்துப் பெயரும் வணிகக் குடும்பத்துப் பணமும் இப்படிச் சேர்வது அன்று சகஜம். 1701 தொடக்கத்தில் அப்பாவின் தொகுதியிலேயே எம்.பி. ஆகிவிட்டார்.

தேர்தல் எல்லாம் உண்மையாக நடந்ததா?

நடந்தது, ஆனால் இன்று நாம் நினைக்கும் தேர்தல் இல்லை. பொதுமக்கள் அவையில் 558 இடங்கள். மாவட்டத் தொகுதியில் ஓட்டுப் போட ஆண்டுக்கு 40 ஷில்லிங் (20 ஷில்லிங் சேர்ந்தது ஒரு பவுண்டு) மதிப்புள்ள சொந்த நிலம் வேண்டும். நகரத் தொகுதிகளில் ஊருக்கு ஊர் வேறு வேறு விதி. காசில் ரைசிங் விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்காளர்கள் உள்ள ஊர். அங்கே ஓட்டுரிமை குறிப்பிட்ட மனைகளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மனையை வாங்கினால் ஓட்டையே வாங்கியது போல. வால்போல் குடும்பமும் ஹோவர்ட் குடும்பமும் அதைக் கையில் வைத்திருந்தன.

1702இல் அவர் கிங்ஸ் லின் துறைமுகத்துக்கு மாறினார். அங்கே வாக்காளர்கள் சில நூறு பேர், பெரும்பாலும் வணிகர்கள். நடுவில் ஒரு சிறு இடைவெளி தவிர, 1742 வரை அவருக்கு அதுதான் தொகுதி. ரகசிய வாக்கெடுப்பு 1872இல்தான் வந்தது. அதுவரை எல்லார் முன்னாலும் பெயரைச் சொல்லித்தான் ஓட்டு. குத்தகைதாரர் யாருக்குப் போட்டார் என்பது சாயங்காலத்துக்குள் பண்ணைக்குத் தெரிந்துவிடும். விருந்தும் பீரும் வேட்பாளர் செலவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1711இல் வந்த சட்டப்படி மாவட்ட எம்.பி.க்கு ஆண்டுக்கு 600 பவுண்டும் நகர எம்.பி.க்கு 300 பவுண்டும் நில வருமானம் இருக்க வேண்டும். எம்.பி.களுக்குச் சம்பளமோ 1911 வரை கிடையாது. நிலம் இல்லாதவன் உள்ளே வரக்கூடாது என்பதற்காகவே போடப்பட்ட வேலி இது.

அவர் சிறைக்குப் போனது உண்மையா?

உண்மை. 1708இல் போர்த்துறைச் செயலர், 1710இல் கடற்படைப் பொருளாளர் என விக் கட்சி ஆட்சியில் வேகமாக ஏறினார். எதிர்க்கட்சியான டோரிகள் ஆட்சிக்கு வந்ததும் ஸ்காட்லாந்துப் படைக்குத் தீவனம் வாங்கிய ஒப்பந்தத்தில் பணம் கைமாறியது என்று குற்றம் சாட்டி, 1712 ஜனவரியில் லண்டன் டவரில் அடைத்தார்கள். அவையிலிருந்தும் நீக்கினார்கள். கிங்ஸ் லின் வாக்காளர்கள் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தேர்வு செல்லாது என்றது அவை. ஆறு மாதச் சிறைவாசத்தில் கட்சிப் பெரிய மனிதர்கள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வெளியே வரும்போது கட்சிக்குள் அவர் மதிப்பு கூடியிருந்தது.

ஆட்சி அவர் கைக்கு எப்படி வந்தது?

1720இல் சவுத் சீ என்ற வணிகக் கம்பெனியின் பங்குகள் வானத்துக்கு ஏறி, அதே ஆண்டு தரைக்கு வந்தன. நிலத்தை அடகு வைத்துப் பங்கு வாங்கிய குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. வால்போல் இதையெல்லாம் முன்பே கண்டு ஒதுங்கி நின்றார் என்று ஒரு கதை உண்டு. அதை நம்ப வேண்டாம். அவரும் பங்கு வாங்க அவசரப்பட்டவர்தான். பெரிய நஷ்டத்திலிருந்து அவரைக் காத்தது ராபர்ட் ஜேகம் என்ற அவருடைய வங்கியாளரின் நிதானம்.

அமைச்சர்கள் பலர் கம்பெனியிடம் லஞ்சமாகப் பங்கு வாங்கியிருந்தார்கள். நிதியமைச்சர் எய்ஸ்லபி டவருக்குப் போனார். மூத்த அமைச்சர் ஸ்டேன்ஹோப் திடீரென இறந்தார். இதில் சிக்கிய கிராக்ஸ் என்ற தகப்பனும் மகனும் ஒருவர்பின் ஒருவராக மறைந்தார்கள். எஞ்சியவர்களையும் அரண்மனையையும் வால்போல் காப்பாற்றினார். குற்றவாளிகளுக்குத் திரை பிடிக்கிறார் என்று ஊரே திட்டியது, அதில் நியாயமும் இருந்தது. 1721 ஏப்ரலில் கருவூலத்தின் முதல் பிரபு ஆனார் (இது கருவூலத் தலைமைப் பதவியின் பெயர், பிரபுப் பட்டம் அல்ல). பிரதமர் என்ற பதவி அப்போது சட்டத்தில் எங்கும் இல்லை. ஆனால் அடுத்த இருபது ஆண்டுக்கு மேல் அந்த வேலையைச் செய்தவர் அவர்தான். இன்றுவரை யாரும் அந்தக் கால அளவைத் தாண்டவில்லை.

அவ்வளவு காலம் எப்படித் தாக்குப்பிடித்தார்?

லஞ்சம் என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்கள் உண்டு. அது பாதி பதில்தான்.

அரசரின் நம்பிக்கை ஒரு தூண். 1727இல் இரண்டாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்ததும் வால்போல் கதை முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். ராணி கேரலின் அவர் பக்கம் நின்றார். அதோடு அரசருக்கான ஆண்டுப் படியையும் வால்போல் உயர்த்திக் கொடுத்தார். நிலைத்துவிட்டார். பதவி பங்கிடுவது இன்னொரு தூண். சுங்கம், கலால், ராணுவம், தேவாலயம் என எங்கே இடம் காலியானாலும் அது ஓட்டாக மாறியது.

ஆனால் அவையில் எந்தப் பதவியும் கேட்காத கிராமத்து நிலக்கிழார்கள் கணிசமாக இருந்தார்கள். அவர்களை விலைக்கு வாங்க முடியாது. அவர்களுக்கு வேண்டியது குறைந்த நிலவரி, யுத்தம் இல்லாத காலம், தங்கள் கிராமத்தில் யாரும் மூக்கை நுழைக்காத அரசு. இவர்கள் மனசை வால்போல் உள்ளும் புறமும் அறிந்திருந்தார், ஏனென்றால் அவரே அவர்களில் ஒருவர். பேச்சில் நார்ஃபோக் வாடை, உட்கார்ந்த இடத்திலேயே ஊர் ஆப்பிளைக் கடித்துத் தின்னும் பழக்கம், கணக்கை எளிமையாக விளக்கும் திறமை. 1723இல் பிரபுப் பட்டம் வந்தபோதுகூட அதை மகன் பெயருக்கு வாங்கிக்கொடுத்துவிட்டு, தான் பொதுமக்கள் அவையிலேயே இருந்தார். என் கணிப்பில் அவர் எடுத்த முடிவுகளிலேயே மிகக் கெட்டிக்காரத்தனமானது இதுதான். அதற்கு முன் பெரிய அமைச்சர்கள் மேலவைக்குப் போய்விடுவார்கள். பணம் கேட்க வேண்டிய இடம் கீழவை என்பதை இவர் கண்டுகொண்டார்.

யுத்தத்தைத் தள்ளியே வைத்தார். 1734இல் ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்தபோது, இந்த ஆண்டு 50,000 பேர் மடிந்திருக்கிறார்கள், அதில் ஒருவர்கூட ஆங்கிலேயர் இல்லை என்று ராணியிடம் சொன்னார். அது பெருமைப்பட வேண்டிய பேச்சுதான்.

நிலவரியைக் குறைத்தால் அந்தப் பணத்தை யார் கட்டினார்கள்?

நல்ல கேள்வி, இங்கேதான் அவருடைய வர்க்கம் தெரிகிறது. போர்க்காலத்தில் நிலவரி பவுண்டுக்கு நான்கு ஷில்லிங். 1732இல் அதை ஒரு ஷில்லிங்குக்குக் கொண்டுவந்தார். அதற்கு ஈடாக, இரண்டு ஆண்டு முன்பு நீக்கிய உப்பு வரியை அதே 1732இல் திரும்பப் போட்டார். மாளிகையில் இருப்பவனும் உப்பு தின்கிறான், கூலிக்காரனும் தின்கிறான். இறைச்சியை உப்பிட்டு வைத்துக் குளிர்காலத்தை ஓட்டிய ஏழை வீட்டுக்கு அது உறைத்தது. உப்பு வரி என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

1733இல் ஒயினுக்கும் புகையிலைக்கும் துறைமுகத்தில் வாங்கும் சுங்கத்துக்குப் பதிலாகக் கிடங்கிலும் கடையிலும் கலால் வசூலிக்கத் திட்டம் போட்டார். கடத்தலை ஒழிக்க அது நல்ல வழிதான். ஆனால் அதிகாரி வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் புகுந்து சோதனை போடுவான் என்ற பயம் நாடு முழுக்கப் பரவியது. அவையில் அவருடைய பெரும்பான்மை 61இலிருந்து 17ஆக இறங்கியது. ஏப்ரலில் மசோதாவைக் கைவிட்டார், லண்டன் தெருக்களில் மக்கள் தீ மூட்டிக் கொண்டாடினார்கள். அடுத்த ஆண்டுத் தேர்தலில் சொந்த மாவட்டமான நார்ஃபோக்கின் இரண்டு இடங்களும் டோரிகளுக்குப் போயின.

ஓர் ஆண்டு அவருக்கு எப்படிக் கழியும்?

நாடாளுமன்றம் பெரும்பாலும் ஜனவரி வாக்கில் கூடி, வெயில் காலம் தொடங்கும்போது கலையும். அந்த மாதங்கள் லண்டனில். 1735 முதல் வீடு 10, டவுனிங் தெரு. அரசர் அதை அவருக்கே பரிசாகத் தர முன்வந்தார். தனக்கு வேண்டாம், கருவூலத்தின் முதல் பிரபுவாக யார் வந்தாலும் அவருக்கு இருக்கட்டும் என்று வாங்கினார். இன்றும் பிரதமர்கள் அங்கே குடியிருப்பது அதனால்தான்.

சனிக்கிழமை என்றால் ரிச்மண்ட் பூங்காவில் வேட்டை. கடிதக் கட்டு வந்தால் முதலில் பிரிப்பது வேட்டைக்காட்டுக் காவலர் எழுதிய கடிதத்தை என்று சொல்வார்கள். இலையுதிர் காலத்தில் ஹவுட்டனில் ஒரு பெரிய கூட்டம் கூடும், நார்ஃபோக் காங்கிரஸ் என்று ஊர் அதற்குப் பெயர் வைத்திருந்தது. அமைச்சர்கள், எம்.பி.கள், அக்கம்பக்கத்து நிலக்கிழார்கள், பாதிரியார்கள் எல்லாரும் நாளெல்லாம் வேட்டையாடி, இரவெல்லாம் குடித்து, நடுவில் நாட்டு விவகாரம் பேசினார்கள். 1733 ஓர் ஆண்டில் மட்டும் ஒயினுக்கு 1000 பவுண்டுக்கு மேல் செலவு. அவர் குடும்பத்தின் அரை ஆண்டு நில வருமானம் ஒரு காலத்தில் அவ்வளவுதான் இருந்தது. சாப்பாட்டு மேசையில் கொச்சையாகவே பேசுவார், அப்போதுதான் எல்லாரும் கலந்துகொள்ள முடியும் என்பது அவர் சொன்ன காரணமாம்.

ஹவுட்டன் மாளிகையில் அப்படி என்ன விசேஷம்?

1722இல் தொடங்கி 1735 வரை கட்டினார். வரைபடத்தில் காலன் கேம்ப்பெல், ஜேம்ஸ் கிப்ஸ் இருவர் கையும் உண்டு. உள் அலங்காரம் வில்லியம் கென்ட். உள்ளூரில் நல்ல கட்டுமானக் கல் கிடையாது. யார்க்‌ஷயரின் எய்ஸ்லபியில் வெட்டிய கல்லை விட்பி துறைமுகத்தில் ஏற்றி, கடல்வழியாக கிங்ஸ் லின்னில் இறக்கி, வண்டியில் கொண்டுவந்தார்கள். நடுக்கூடம் நீளம், அகலம், உயரம் மூன்றும் 40 அடி. கூரையில் சுண்ணச் சாந்தில் செய்த குழந்தைகள் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும்.

படிக்கட்டும் கதவுகளும் மகோகனி மரம். 1721இல் அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் மரத்துக்கு இறக்குமதி வரியை நீக்கியது வால்போலின் அரசு. அதற்குப் பிறகுதான் அந்த மரம் பிரிட்டிஷ் வீடுகளுக்குள் தாராளமாக வந்தது.

அங்கே தங்கிய ஹெர்வி பிரபு எழுதிய வர்ணனை எனக்கு மிகவும் பிடிக்கும். கீழ்த்தளம் நரிவேட்டைக்காரர்களுக்கும் விருந்துக்கும் இரைச்சலுக்கும் அழுக்குக்கும் வேலைக்கும். மேல்தளம் ரசனைக்கும் செலவுக்கும் ஆடம்பரத்துக்கும். சேற்று பூட்ஸோடு வரும் பக்கத்து ஊர்க்காரரைக் கீழே உட்காரவைத்துச் சாப்பாடு போட்டு, வெளிநாட்டுத் தூதரை மேலே அழைத்துப்போய் ரூபன்ஸ் ஓவியத்தைக் காட்ட அந்த வீட்டால் முடிந்தது. அவருடைய அரசியலும் அதே இரண்டு தளங்களில்தான் நடந்தது.

இவ்வளவுக்கும் பணம்? நிலத்திலிருந்து வந்தது மட்டும் போதாது. பதவியிலிருந்து வந்தது.

மாளிகைக்காக ஒரு கிராமத்தையே அகற்றினாராமே?

ஆமாம். பழைய ஹவுட்டன் கிராமம் புது மாளிகையின் பூங்காவுக்குள் விழுந்தது, பார்வையை மறைத்தது. 1729 முதல் வீடுகளை இடித்துவிட்டு, வாசலுக்கு வெளியே நேர்ச் சாலையின் இரு பக்கமும் வெள்ளைச் சுவர் வீடுகளை வரிசையாகக் கட்டிக் குடியமர்த்தினார்கள். புது வீடுகள் பழையவற்றைவிட நல்ல வீடுகளாக இருந்திருக்கலாம். ஆனாலும் தாத்தா காலத்து அடுப்படியையும் கொல்லையையும் விட்டுப் போகச் சம்மதமா என்று அங்கே யாரையும் கேட்கவில்லை. செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தை மட்டும் இடிக்கவில்லை. இன்று ஊர் இல்லாத பூங்காவில் அது தனியாக நிற்கிறது. வால்போலைப் புதைத்ததும் அங்கேதான்.

ஏழைகள் வேட்டையாடலாமா?

கூடாது. 1671ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் தரும் சொந்த நிலம் இருந்தால்தான் வேட்டை உரிமை. 40 ஷில்லிங், அதாவது இரண்டு பவுண்டு நிலம் இருந்தால் எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு முயலைப் பிடிக்க அதைப்போல ஐம்பது மடங்கு வேண்டும்.

வால்போல் ஆட்சியில் 1723இல் வந்த கறுப்புச் சட்டம் இன்னும் கொடியது. ஹாம்ப்‌ஷயரிலும் வின்சர் காட்டிலும் சிலர் முகத்தில் கரி பூசிக்கொண்டு மான் திருடினார்கள், நிலக்கிழார்களின் மரங்களை வெட்டினார்கள். அதற்குப் பதிலாக வந்த இந்தச் சட்டம் முகத்தில் கரி பூசி ஆயுதத்தோடு காட்டில் இருப்பது, மான் திருடுவது, மீன் குளத்தின் கரையை உடைப்பது, நட்டு வளர்த்த மரத்தை வெட்டுவது என ஐம்பதுக்கும் மேற்பட்ட செயல்களுக்குத் தூக்குத் தண்டனை வைத்தது. 1823இல்தான் அதன் பெரும்பகுதியை நீக்கினார்கள். வால்போலின் சமாதான ஆட்சியைப் புகழும் எவரும் இதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

குடும்பத்துக்கு என்ன சேர்த்தார்?

மகன்களுக்குக் கருவூலத்தில் ஆயுள்காலப் பதவிகள். கடைசி மகன் ஹொரஸ் வால்போல் கருவூலத்துக்குக் காகிதம், பேனா போன்ற சாமான் வாங்கித்தரும் அதிகாரியாக 20 வயதில் நியமனமானார். வேலையை வேறொருவர் பார்ப்பார், வருமானம் இவருக்கு. அந்தப் பணத்தில் அவர் வாழ்நாள் முழுக்கக் கடிதம் எழுதினார், ஸ்ட்ராபெரி ஹில் வீட்டைக் கட்டினார். அப்பாவின் காலத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் நிறைய அந்தக் கடிதங்களிலிருந்து வந்ததே.

வீட்டுப் பெண்களைப் பற்றி?

ஓட்டு இல்லை, பதவி இல்லை. ஆனால் உறவுகள் அவர்கள் வழியாகத்தான் கட்டப்பட்டன. தங்கை டோரதி 1713இல் பக்கத்து ரேனம் பண்ணையின் டவுன்ஷெண்ட் பிரபுவை மணந்தார். அந்த மச்சான் உறவு ஆட்சியின் முதுகெலும்பாக இருந்தது. 1730இல் டவுன்ஷெண்ட் மனக்கசப்போடு விலகி, ரேனமில் டர்னிப் விவசாயத்தில் இறங்கிப் பேர் வாங்கினார். மனைவி கேத்தரினும் வால்போலும் வெகுகாலம் தனித்தனியாகவே வாழ்ந்தார்கள். அவர் 1737இல் இறந்தபின், நெடுநாள் துணையான மரியா ஸ்கெரட்டை 1738இல் மணந்தார். சில மாதங்களில் மரியாவும் பிரசவத்தை ஒட்டி இறந்தார். அந்தத் துயரம் அவரை ரொம்பவே உடைத்துவிட்டது.

சென்னைக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, எதிரணி வழியாக. 1698 முதல் 1709 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டை ஆளுநராக இருந்தவர் தாமஸ் பிட். சென்னையில் ஜாம்சந்த் என்ற வியாபாரியிடம் 48,000 வராகனுக்கு ஒரு பெரிய வைரம் வாங்கினார். பட்டை தீட்டியபின் 1717இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளருக்கு 1,35,000 பவுண்டுக்கு விற்றார். அதே ஆண்டு கார்ன்வாலில் போகொனாக் பண்ணையை வாங்கினார். கிட்டத்தட்ட ஆளே இல்லாத ஓல்ட் சாரம் தொகுதி முன்பே அவர் கையில் இருந்தது. அந்தத் தொகுதியிலிருந்து 1735இல் அவைக்கு வந்த பேரன் வில்லியம் பிட், வால்போலை வறுத்தெடுத்தார். 1736இல் வால்போல் அவருடைய ராணுவப் பதவியைப் பறித்தார். சென்னையில் சம்பாதித்த பணம் இரண்டு தலைமுறைக்குள் இங்கிலாந்தில் நிலமாகி, நாடாளுமன்ற இடமாகவும் ஆகிவிட்டது.

எப்படி வீழ்ந்தார்?

ராணி 1737இல் இறந்தார். 1739இல் மனமில்லாமலே ஸ்பெயினோடு போருக்குப் போனார். 1741 தேர்தலில் பலம் குறைந்தது. சிப்பனம் தொகுதித் தேர்தல் தகராறு பற்றிய வாக்கெடுப்பில் 1742 பிப்ரவரியில் தோற்று விலகினார். ஆர்ஃபர்ட் பிரபு ஆகி மேலவைக்குப் போனார். ரகசியச் செலவாகப் பத்தாண்டுகளில் 14 லட்சம் பவுண்டுக்கு மேல் போயிருந்ததை விசாரணைக் குழு கண்டுபிடித்தது. கருவூல வழக்கறிஞர் வாய் திறக்க மறுத்துச் சிறை போனார். வால்போல் தப்பினார்.

1743இல் ஹவுட்டனிலிருந்து நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இங்கே என்னைப் புகழ்பவர்கள் எல்லாம் ஊமைகள், ஓக்கும் பீச்சும் செஸ்ட்நட்டும் பொய் சொல்லாது என்கிறார். 1745 மார்ச் 18 அன்று இறந்தார்.

சொத்து என்ன ஆனது?

40,000 பவுண்டுக்கு மேல் கடன் மிஞ்சியது. மகன் அதைத் தீர்க்கவில்லை, பேரன் ஜார்ஜ் கூட்டினார். பேரன் கண்ட வழி, தாத்தா சேர்த்த ஓவியங்களை விற்பது. ரூபன்ஸ், வான் டைக், ரெம்பிராண்ட் என இருநூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள். நாடே அவற்றை வாங்கிப் பொதுமக்களுக்கான ஓவியக்கூடம் அமைக்கட்டும் என்று எம்.பி. ஜான் வில்க்ஸ் 1777இல் அவையில் கேட்டார். யாரும் காதில் வாங்கவில்லை. 1779இல் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் சுமார் 40,000 பவுண்டுக்கு வாங்கிக் கப்பலேற்றிக்கொண்டு போனார். லண்டன் தேசிய ஓவியக்கூடம் பிறந்தது 1824இல்.

மாளிகை, வால்போலின் மகள் மேரி வாழ்க்கைப்பட்ட சம்லி குடும்பத்துக்கு 1797இல் போனது. இன்றும் அவர்களுடையதுதான், பருவகாலத்தில் பார்வையாளர்களை அனுமதிக்கிறார்கள். 2013இல் ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்திலிருந்து பல ஓவியங்களைக் கொஞ்ச காலத்துக்குக் கடனாகக் கொண்டுவந்து, பழைய வரைபடங்களைப் பார்த்து, முன்பு தொங்கிய அதே சுவர்களில் மாட்டிக் காட்டினார்கள்.